முதுகால் தின்ற நாடு

கென்னட் லேன் மாடியில், ஏசி ஓடாத டிராவல்ஸ்.
குமுதவல்லி மேடம் சொன்னார்:
"டில்லிபாபு, நீங்க ரெண்டு வருஷம் அங்க இருந்தவர்.
மால்டா சாப்பாடு பத்தி ஒரு பக்கம் வேணும், டூரிஸ்ட்டுக்கு.
அறுநூறு ரூபா."

எழுதினேன்.
பஸ்தீத்ஸி: விடிகாலை நாலு மணிக்கே சூடாய்க் கிடைக்கும்,
நம்ம பேக்கரி பப்ஸுக்குச் சித்தப்பா பிள்ளை.
உள்ளே பாலாடைக்கட்டி, இல்லையென்றால் பட்டாணி.
பட்டாணியில் ஒரு சிட்டிகை மசாலா நெடி.
முதல் கடியில் வண்டியை ஓரங்கட்டி நின்றுவிட்டேன்.
கடைசி வரியை மேடம் அடித்தார்.

டீ: கண்ணாடி கிளாஸில், டின் பால் ஊற்றி.
விரலைச் சுடும். பிடிக்கும் விதம் நமக்குத் தெரியும்.

கின்னி என்றொரு பழுப்பு சோடா.
நார்த்தங்காய்த் தோலைக் கடித்தது போலிருக்கும்.
"கசப்புன்னு போடாதீங்க, புத்துணர்ச்சின்னு போடுங்க."
போட்டேன்.

முயல் குழம்பு.
திராட்சை மதுவில், பூண்டோடு, பிரிஞ்சி இலையோடு
மெல்ல வேகும்.
"எவ்வளவு நேரம்?"
எனக்கு எப்படித் தெரியும்?
நான் தின்றதில்லை, சுமந்தேன்.
ஸ்லீமா ஏற்றத்தில் பெட்டி முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.
எது ரொட்டி, எது குழம்பு,
சூட்டை வைத்தே சொல்லிவிடுவேன்.
மூடி தளர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை
சட்டையில் இறங்கிய வாசனை
நாலு துவையலுக்கும் போகவில்லை.
அறையில் ஆறு பேர்.
அன்றிரவு வெறும் ரசஞ்சோற்றை
எல்லோரும் என் பக்கம் நெருங்கி உட்கார்ந்து
தின்றார்கள்.

எழும்பூரிலிருந்து ஏதோ ரயில் கூவிக்கொண்டு போனது.
மேடம் பேனா மூடியைத் திறந்து, மூடி,
"சரி, விருந்தோம்பல்னு ஒரு பத்தி" என்றார்.

ஹம்ரூன். லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி. மழை.
ஆர்டரில் பெயர் நசரேனோ.
பனியனோடு வந்தவர் பொட்டலத்தை வாங்கினார்,
என் காலடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார்,
உள்ளே போனார்.
ரொட்டியின் முனையை அறுத்து
தக்காளியை அதன்மேல் சிவக்கச் சிவக்கத் தேய்த்து
எண்ணெய் விட்டு
உப்பில் ஊறிய கேப்பர் மொட்டு இரண்டு வைத்து
கொண்டுவந்து நீட்டினார்.
உள்ளே வா என்று சொல்லவில்லை.
நான் தின்று முடிக்கும்வரை
கதவைச் சாத்தவும் இல்லை.
எண்ணெய் முழங்கை வரை வழிந்தது.

"இதுக்குப் பேர் என்ன?"
ஹோப்ஸ் பிஸ்ஸேத், என்றேன்.
எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.
சொன்னேன், இரண்டு தரம்.
கீழே என் வண்டிப் பெட்டியில்
புதுப்பேட்டைக்குப் போகவேண்டிய சால்னா
ஆறிக்கொண்டிருந்தது.