கண்டறியும் எல்லைக்குக் கீழே

பிரிட்டோரியா மினிபஸ்ஸில், மடியில் மளிகைப் பையோடு
வந்து இறங்குகிறாள் டிகெலெடி.
பைக்குள் இரண்டு லிட்டர் குடுவை,
இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீர்.
பக்கத்து இருக்கைக்காரர் கேட்டாராம்:
“இஞ்சி பீரா? யார் வீட்டுக் கல்யாணம்?”
“என் வீட்டுதான்” என்றாளாம்.

கையுறையோடு வாங்கிக்கொள்கிறேன்.
பெயர், தேதி, தொடங்கிய மணி, முடிந்த மணி.
எல்லாம் இதில் இருக்கிறதா?
இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
“ஒரு தடவை போச்சு. மமெலோடியில் ஒரு அடக்கம்,
கழிப்பறைக்கு நீள வரிசை. வேலிக்குப் பின்னால்...”

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
ஒரு முறை, வேலிக்குப் பின்னால், மண்ணுக்கு.
பிறகு வேலியையும் மண்ணையும் அடித்துவிட்டேன்.
கிரியேட்டினின் பார்த்துக் கணக்கைச் சரிசெய்யலாம்.

அடுத்தது இரும்பு அறை.
சுவரெல்லாம் பழைய கப்பல் தகடு,
முதல் அணுகுண்டுக்கு முன்னால் உருக்கியது.
பின்னால் உருக்கியதில்
காற்றோடு காற்றாய் அதுவும் கலந்துவிட்டதே.
காகித அங்கியில் படுக்கிறாள். கதவு நகர்கிறது.
இருபது நிமிடம்.
திரையில் பொட்டாசியம் மேடு எழும்புகிறது,
தின்ற வாழைப்பழமும் உருளைக்கிழங்கும்.
மேலாளருக்கும் இதே மேடுதான், கொஞ்சம் பருமனாக.
அயோடின் நிற்கவேண்டிய இடத்தில்
மேய்ந்து முடித்த புல் மாதிரி இரைச்சல்.

“அப்போ இல்லைதானே?”
இல்லை என்று எழுத எனக்கு உரிமை கிடையாது.
கண்டறியும் எல்லைக்குக் கீழே, அவ்வளவுதான்.
“இருக்கா, இல்லையா?”
மூன்று வருடமாகக் கேட்கிறாள்.
மூன்று வருடமாகக் கோடு போட்டுக் காட்டுகிறேன்.

அடுக்கில் அவள் குடுவைக்குப் பக்கத்தில் என்னுடையது:
மிரோஷ்னி படையாச்சி, லௌடியம்.
ஒரு சொட்டு விட்டுப்போகவில்லை.
நாள் தள்ளிப்போய் இன்றோடு பதினொன்று.
சொன்னால் ஒரு படிவம்,
திங்கள் முதல் மாடியில் கோப்பு மேசை,
என் கருவிகளுக்கு வேறொருத்தி.
புதிதாக வரும் பெண்களுக்கு
இந்த விதியைப் படித்துக் காட்டுவது நான்தான்.
குடுவைக்குத் தெரிந்திருக்கும்.
ஆனால் அதனிடம் நாங்கள் கேட்பது அயோடினை மட்டும்.

“உனக்கு என்ன வந்தது?”
காலணி வாரை மாட்டிக்கொண்டே கேட்கிறாள் டிகெலெடி.
எல்லைக்குக் கீழே என்று வாய்வரை வந்தது.
என் படிவத்தில் குறிப்புக் கட்டம்
காலியாகக் கிடக்கிறது.
பேனாவைத் தேடுகிறேன், அது
என் காதில்தான் இருக்கிறது.