திணை வழு

திங்கள் மூன்று மணிக்குக் குழு கூடியது.
பாமணியாற்றங்கரை ஆய்வகம், மாடி அறை,
தட்டில் முறுக்கு, ஆறிப்போன காபி.
வரைவு விதிகளைத் தமிழில் எழுதுவது என் பங்கு.

பன்றிக் கருவுக்குள் மனித உயிரணு வைக்கிறார்கள்.
அதன் விலாவுக்குக் கீழே நம் சிறுநீரகம் வளரும்.
ஏழாம் விதி:
மூளையில் மனித அணுக்கள் ___ விழுக்காட்டைத் தாண்டினால்
உயிர் நீக்கப்படும்.
கோட்டின் மேல் எழுத
ஒருவரிடமும் எண் இல்லை.

ஆங்கிலத்தில் இது சுலபமாகக் கடந்துவிட்டது.
தமிழ் வினைமுற்று கேட்கிறது:
பிறந்ததா, பிறந்தாளா?
‘பிறக்கும்’ என்று மழுப்பினேன்.
பழைய இலக்கணத்தில் அவளுக்கும் ஆகும், அதற்கும் ஆகும்.
ஆனால் இறப்புப் பதிவேடு
இறந்தகாலத்தில் அல்லவா எழுதப்படும்.

வழக்கறிஞர் ஜமாலுதீன் கண்ணாடியைக் கழற்றினார்.
“அணு கொடுத்தவர் சம்மதம் அந்த அலமாரியில்,
பன்றியின் எண் இந்த அலமாரியில்.
வழக்கு வந்தால் எதைத் திறப்பீங்க?
தில்லை முனிவர் புலிக்காலைக்
கேட்டு வாங்கினார் சார்.
இது எதையும் கேட்கலை.”
சௌந்தரவல்லி டாக்டர் மெதுவாகச் சொன்னார்:
“ராத்திரி கத்தினா எழுந்து போறது நான்தான்.”
அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் மின்விசிறிதான் பேசியது.

கடைசித் தாளில் ஒரு கட்டம்.
இம்முடிவால் உங்களுக்கு நன்மை உண்டா?
என் தம்பி குஞ்சிதபாதம், பொதுப்பணித்துறை லஸ்கர்.
செவ்வாயும் வெள்ளியும் திருவாரூரில் டயாலிசிஸ்.
உண்டு, என்று எழுதினேன்.
வாக்கு போயிற்று.
வினைமுற்று மட்டும் என்னிடம் மிச்சம்.

இறங்கி வரும்போது பதினேழாம் எண் குட்டியைப் பார்த்தேன்.
ஆற்றில் முறைத்தண்ணீர் வந்த சத்தத்துக்குக்
காதை நிமிர்த்தி,
நிமிர்த்தி,
இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரவு தம்பியிடம் எல்லாம் சொன்னேன்.
அவன் ரெகுலேட்டர் பேச்சை எடுத்தான்.
“ஷட்டரை எத்தனை அங்குலம் தூக்கணும்னு
மேலேருந்து ஆர்டர் வரும்க்கா.
கீழே எவன் வயல்ல நாத்து நிக்குது,
எவன் வயல்ல கதிர் நிக்குதுன்னு
அதுல இருக்காது.”
வீங்கிய காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தான்.
இன்றைய கணக்குக்கு அரை டம்ளர் தண்ணீர் பாக்கி;
அதையும் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன தீனி போடுறாங்க?”
தவிடு, என்றேன்.
“மழைக்கு ஒதுங்க எடம் இருக்கா அவளுக்கு?”

நான் திருத்தவில்லை.
விடிந்தால் செவ்வாய்.
ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.