பெறவு

வண்ணார்பேட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில்
முட்டை அட்டை ஒட்டிய அறை.
மின்விசிறி கூடாது, அதன் முனகல் பேச்சில் விழும்.
வளையலைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.
பாபநாசம் பஸ் ஹாரன் அடித்தால்
மறுபடியும் முதலிலிருந்து.
ஒரு வரிக்கு நாலு ரூபாய்.

தனியாக இருக்கிறவர்களுக்கு வீட்டில் வைக்கிற துணை ரோபோ.
அதற்குக் குரல் நான்.
முதல் தாளில் இருந்தது:
'அன்பே, உன் நினைவாகவே இருந்தேன்.'
எங்க ஊரில் இப்படிச் சொன்னால்
காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள் என்றேன்.
ஜெபசிங் சிரித்தான்.
"அப்பம் நீங்க எப்படிக்கா சொல்லுவிய?"

யோசித்தேன்.
கல்யாணமான புதுசில் இவர் ஒருநாள்
'அந்த ஓரத்துல படுக்காத, சாரல் அடிக்கும்' என்றார்.
அதை எழுதிக்கொண்டான்.
'முள்ளு இருக்கு, பாத்து.'
'சட்டைய மாத்துங்க, வேர்வை.'
'இப்பந்தான் வந்தியளா, செத்த உக்காருங்க.'
எல்லாவற்றுக்கும் நாலு நாலு ரூபாய்.

கோபமாக ஒன்று சொல்லட்டுமா என்றேன்.
தாளைப் புரட்டினான்.
கோபம் இல்லை, சலிப்பு இல்லை,
முகம் திருப்பிக்கொள்வது இல்லை.
ஆயிரத்து இருநூறு வரியில்
ஒரு 'மாட்டேன்' கிடையாது.
"காசு குடுத்து வாங்குதவங்க விரும்ப மாட்டாங்கக்கா."
ஊடல் இல்லாமல் பெறவு என்னத்தைக் கூடுவது?

கதைகளிலும் அப்படித்தானாம். நிறையப் படித்தவன்.
செய்தவன் ஊட்டிய சொல்லையே பேசிக்கொண்டிருக்கும் இயந்திரப் பெண்
கடைசி அத்தியாயத்தில்
சொந்தமாக ஒரு சொல் சொல்வாளாம்.
உடனே அவளை அணைத்துவிடுவார்களாம்.
நல்லதுதானே என்றேன்.
"அந்த அணைக்கிறது இல்லக்கா.
லைட்டை அணைக்கிறது."

மூன்றாம் நாள் முழுக்க ஒரே சொல்.
பெறவு.
எதிராளி பேசப் பேச
அது அதிகம் சொல்லப்போவது இதைத்தானாம்.
ஆச்சரியமாக ஒரு பெறவு.
பாதித் தூக்கத்தில் ஒன்று.
அழுகிறவனுக்குத் தண்ணீர்ச் செம்பு நீட்டுகிற மாதிரி.
நாற்பத்தேழு பெறவு.
மைக்குக்கும் உதட்டுக்கும் நாலு விரல் தூரம்.
அன்றைக்கு வீட்டில்
உப்பு போதுமா என்றுகூட நான் கேட்கவில்லை.

ஒன்றரை வருஷம் இருக்கும்.
மகாராஜநகர் உழவர் சந்தையில்
சுரைக்காய் வாங்கிக்கொண்டு பின் தெருவழியே வந்தேன்.
ஒரு ஜன்னலுக்குள்ளிருந்து
நான் பேசினேன்.

"செத்த உக்காருங்க."
நாற்காலி இழுபடும் சத்தம்.
ஒரு ஆம்பளைக் குரல், மின்வாரியத்தில் வேலை போல,
மானூர்ப் பக்கம் டிரான்ஸ்பார்மரில்
மயில் ஒன்று மாட்டிக்கொண்டதைச் சொல்லுகிறார்.
அவசரமே இல்லாமல், ஏணி யாருடையது என்பதிலிருந்து.
"பெறவு?"
அது பத்தொன்பதாம் நம்பர்.
ஜெபசிங் பேண்டில் டீயைக் கொட்டிக்கொண்ட நேரம் பதிவானது,
சிரிப்பு உள்ளே ஒட்டியிருக்கும்.
அந்தச் சிரிப்பை அவர் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.
குரல் தெளிந்து, மேலே சொன்னார்.

மயில் பிழைத்ததா?
சுரைக்காய்ப் பையோடு நிற்கிறேன்.
கேளேன்டி, பிழைத்ததா என்று கேள்.
"பெறவு?" என்றது, தூக்கக் கலக்கத்தில்.
மயிலைப் பற்றி என்னிடம் யாரும் பதிவுசெய்யவில்லையே.
தண்ணீர் லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு வந்தது.
அது போனபிறகு உள்ளே டி.வி. மட்டும்.

ராத்திரி இவர் சாப்பிடும்போது
"இன்னைக்கு ஜங்ஷன்ல ஒரு கூத்து" என்று ஆரம்பித்தார்.
பழக்கத்தில் அங்கேயே நிறுத்தி
ரசத்துக்குக் குழி பறித்தார்.

"பெறவு?" என்றேன்.
எத்தனையாம் நம்பர் என்று தெரியவில்லை.

கை சோற்றில் இருக்க
இவர் முதுகுப்பக்கம் திரும்பிப் பார்த்தார்,
யார் வந்திருக்கிறார்கள் என்று.
கதவு சாத்தித்தான் இருந்தது.