நொதுமல்

பிப்ரவரியின் இரண்டாம் புயல் ஓய்ந்த மறுநாள்
என் வீட்டு விளக்குகளுக்கு நடுக்கம் கண்டது.
சமையலறையில் மங்கல்; அதே நொடியில்
படுக்கையறையில் கண் கூசும் வெள்ளை.
வீட்டின் ஒரு பாதி பட்டினி,
மறு பாதிக்கு அஜீரணம்.

குற்றவாளி யாரென்று எனக்குத் தெரியும்.
தொண்ணூற்றெட்டில், படகுத்துறையில் டிக்கெட் கிழித்த நாட்களில்,
யாரிடமும் அனுமதி கேட்காமல்
கீழறைக்கு நானே ஒயர் இழுத்தேன்,
மகன் ட்ரம்ஸ் அடிக்க.
அவன் ஆல்பர்ட்டா போய்ப் பதினோரு வருடம்.
என் முறுக்கல்கள் மட்டும் சுவருக்குள் இருக்கின்றன.

சுத்தியலை எடுத்தேன்.
ஜிப்சம் பலகை பிஸ்கட்போல் உடைந்தது.
ஒவ்வொரு இணைப்பாய்த் தொட்டுப் பார்த்தேன்,
காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவதுபோல.
எதுவும் சுடவில்லை. நான் நம்பவில்லை.

லியாண்டர் ஹைன்ஸ் வந்தார், மின்வேலைக்காரர்.
பிரேக்கர்களைக் கழற்றினார், புதிதாய் மாட்டினார்,
அறுநூற்று நாற்பது டாலர்.
அவர் வேன் சரிவில் இறங்கி முடிப்பதற்குள்
வராந்தா பல்ப் கண்ணடித்தது.

பல்ப் வாங்க மர்லி கடைக்குப் போனால்
அலமாரி காலி.
"உங்கள் சந்துக்கு என்னதான் ஆச்சு?" என்றாள் மர்லியின் மருமகள்,
"இந்த வாரம் நீங்கள் நாலாவது ஆள்."

நாலாவது.
எங்கள் சந்தில் இருப்பதே நாலு வீடு.

டல்சி பின் தன் ஃப்ரிட்ஜைத் திட்டிக்கொண்டிருந்தாளாம்,
அதன் தவணை இன்னும் முடியவில்லை.
ஜெரார்டின் மனைவி, கண்ணில் புரை விழுகிறதென்று
டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தாள்.
மேல்வீட்டு நர்ஸ் வாடகைக்கு வந்தவள்;
தன்மேல் பழி வரும் என்று வாயே திறக்கவில்லை.
பேரலையில் ஒரே பாறையில் மோதிய நாலு படகு,
அவரவர் தத்தம் துடுப்பைச் சந்தேகித்துக்கொண்டு.

அன்றிரவு சோதித்தோம்.
தொலைபேசியில் டல்சி: "கெட்டில் போடுகிறேன். இப்போது?"
என் படுக்கையறை விளக்கு பொங்கியது. "இப்போது."
"அணைத்துவிட்டேன். இப்போது?"
அடங்கியது.
நூறடி தள்ளி அவள் குடிக்க,
இங்கே எனக்குப் புரையேறியிருந்திருக்கிறது
ஆறு வாரமாக.

மின்நிலையத்திலிருந்து வந்த பெண்ணுக்கு
இருபத்தைந்து வயது இருக்கும். பெயர் ஷானா.
கூடையில் ஏறிக் கம்பத்தின் தலைக்குப் போனாள்.
டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே, எங்கள் நால்வருக்கும் பொதுவான இடத்தில்
ஒரே ஒரு இணைப்பான்.
கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்:
வால்நட் அளவு, பச்சைப் பொருக்கு,
கடல் மூடுபனி பல குளிர்காலமாய் நக்கி நக்கி
உள்ளே உப்பாகிப் போனது.

"மூன்று கம்பி வருகிறது," என்றாள்.
"இரண்டு கொண்டுவரும்.
நடுவிலுள்ளது இரண்டையும் சமமாய்ப் பிடித்து நிறுத்தும்.
அதன் பிடி தளர்ந்தால்
ஒருவருக்குக் குறைவது இன்னொருவருக்கு வழியும்.
உங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை, ஐயா."

நடுவிலிருக்கும் அந்தக் கம்பிக்கு நொதுமல் என்று பெயர்:
பகையும் இல்லை, நட்பும் இல்லை.
முப்பது வருடமாய் நாங்கள் நாலு வீடும்
கையசைத்துக் கடந்துபோனது அப்படித்தான்.

மூன்று நாளாய் விளக்கு அசையவில்லை.
கீழறைச் சுவர் அப்படியே பிளந்து கிடக்கிறது;
பூசுவதற்கு மனம் வரவில்லை.
விடிகாலை நாலே காலுக்கு விழிப்பு வந்துவிடுகிறது.
அது டல்சி எழும் நேரம் என்று
இந்த ஆறு வாரத்தில் பழகிவிட்டேன்.
பல்பைப் பார்த்தபடி படுத்திருக்கிறேன்.
ஒழுங்காய், சலனமில்லாமல், எதுவும் சொல்லாமல் எரிகிறது.

இன்று போனை எடுத்தேன்.
"கெட்டில் போட்டாச்சா?" என்றேன்.
சற்று மௌனம். பிறகு, "ஏன், மறுபடியும் மங்குதா?"

"இல்லை," என்றேன்.
"சும்மாதான் கேட்டேன்."