எட்டுக் கல், ஐம்பத்தாறு கோடு

மார்கழி ஆறு. தெற்கே போன சூரியன்
இதற்கு மேல் இல்லை என்று திரும்புகிற விடியல்.
குன்றத்தூருக்கு முதல் பஸ்ஸில் நானும் சகாயமேரியும்,
ஒரு திசைகாட்டி, முப்பது மீட்டர் டேப்.

கல்வட்டத்தில் பதினொன்று நின்றன.
ஐப்பசியில் ஜேசிபி வந்தது, இப்போது எட்டு.
அதிலும் ஒன்றின் மேல் சிவப்புப் பெயின்ட்:
மனை எண் 14.

வேல்ஸில் மழைக்குள் நிற்கும் கற்களையும்
இப்படித்தான் குனிந்து குனிந்து பார்க்கிறார்களாம்,
எந்தக் கல் எந்த விடியலுக்கு என்று.
“எட்டுக் கல்லுக்கு ஐம்பத்தாறு கோடு வரும்” என்றாள் மேரி,
“ஏதாவது ஒன்றில்
ஏதாவது உதிக்கத்தான் செய்யும்.”

உதித்தது.
பி பிளாக்குக்கும் சி பிளாக்குக்கும் நடுவில்,
நேர்கிழக்கிலிருந்து இருபத்துநாலு டிகிரி தெற்கே,
பிசகாமல்.
மூன்றாம் மாடிக் கொடியில் ஒரு நைட்டி சிவந்தது.

பில்டர் வானம் பார்த்தா கட்டியிருப்பான்?
காற்றுக்கு விட்ட சந்து அது.

நோட்டில் “பொருந்துகிறது” என்று எழுதினேன்.
மேரி வாங்கி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.
கீழே படுத்திருப்பவர்
எந்தப் பக்கம் தலைவைத்திருக்கிறாரோ,
கேட்டு எழுத வழியில்லை.

பதினாலாம் எண்ணின் நிழல் நீண்டு வந்து
என் செருப்பைத் தொட்டது.
அதை மட்டும் அளக்காமல்
கொஞ்சம் தள்ளி நின்றேன்.