முப்பத்துமூன்று பொத்தான்

டுன் ஸ்பிர் படகிலிருந்து நேரே கடைக்கு வந்தார்.
கையில் பலசரக்குப் பை, பைக்குள் அங்கி.
"வீஜி, இந்தச் சிவப்பையெல்லாம் எடுத்துவிடு" என்றார்,
மீனில் முள் எடுக்கச் சொல்வதுபோல.

ஏன் என்று நான் கேட்கவில்லை.
ஊசிக்குக் காது உண்டு, வாய் இல்லை.
நாற்பது வருடமாக, இந்த ரபாத் சந்தில்,
என் பிழைப்பு அந்தக் காது வழியாகத்தான்
நுழைந்து நுழைந்து வந்திருக்கிறது.

திருத்தொண்டருக்குத் தோளாடை குறுக்கே விழும்,
இடத்தோளிலிருந்து வல இடுப்புக்கு,
மூட்டை தூக்கக் கிளம்பியவன் மாதிரி.
குருவானதும் அது கழுத்திலிருந்து நேராகத் தொங்கும்,
இன்னும் எதையும் நிறுக்காத தராசு.
ஆயருக்கு ஊதாத் தொப்பி.
கர்தினாலுக்கு ரத்தச் சிவப்பு.
கானோன்களுக்குக் கருப்பில் ஓடும் ஒரு சிவப்பு ஓரம்,
அந்த ஓரத்துக்காக எத்தனை வருடக் காத்திருப்பு,
எத்தனை பேருக்கு வயிற்றெரிச்சல்!
வெள்ளை ஒரே ஒருவருக்குத்தான்.
நான் தைத்ததில்லை.
அழுக்கு தெரியும் துணி, எனக்கு வேண்டாம்.

அளவுநாடாவுக்குப் பதவி தெரியாது.
நான் இடுப்பைச் சுற்றும்போது
பேராயர் ஒருவர் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு நின்றார்.
இன்னொருவருக்கு வலத்தோள் இறக்கம்.
பஞ்சு வைத்துச் சமன் செய்தேன்.
பெருவிழா அன்று ஊர் முழுக்க நின்று வணங்கியதில்
கொஞ்சம் என் பஞ்சுக்கும் சேரும்.
ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள்.
கணக்கு எனக்கல்லவா தெரியும்,
சில நாள் ஆள் கால்தான்.

ராத்திரி மேசையில் அங்கியை விரித்தேன்.
ஆண்டவர் மண்ணில் வாழ்ந்த வருடத்துக்கு ஒன்றாக
பொத்தான் முப்பத்துமூன்று இருக்க வேண்டும்.
சிவப்பு முப்பத்தொன்றுதான் இருந்தது.
அடியில் இரண்டு, சாதாரணச் சட்டைப் பொத்தான்,
பேனா மை பூசியது.
வெள்ளை நூலுக்கும் அதே மை.
முடிச்சு போதாது, சுற்று தேவைக்கு மேல்.
தனியாக இருக்கிற ஆளின் தையல் அது.
விளக்கைக் கிட்டே இழுத்தது,
விரலில் குத்தியது,
யாரையும் கூப்பிடாதது,
எல்லாம் அந்த இரண்டு பொத்தானில் இருந்தது.

முழங்கால் பக்கம் துணி தேய்ந்து பளபளத்தது.
கானோன்களின் அங்கி என்னிடம் நிறைய வருகிறது.
பளபளப்பது வேறு இடத்தில்.

நூலைப் பிரித்தால்தான்
எது எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று தெரியும்.
ஓரத்தை உருவினேன்.
அடியில் இருந்த கருப்பு நேற்று வாங்கிய கருப்பு,
வெயிலே படாதது.
சுற்றிலும் இருந்ததோ வெளுத்து, பாசி பூத்தமாதிரி.
சிவப்பு இருந்தபோதைவிட
இல்லாதபோது தூரத்திலிருந்தே தெரிந்தது.
முப்பத்தொரு கருப்புப் பொத்தான் வைத்தேன்.
அவருடைய இரண்டைத் தொடவில்லை.

மறுநாள் போட்டுப் பார்த்தார்.
"கோடு தெரிகிறது, டுன் ஸ்பிர்."
"எப்போது மறையும்?"
"வெயிலில் நின்றால் இரண்டு கோடை."
"துறைமுகத்தில் நிழல் கிடையாது" என்றார்.
சில்லறையை எண்ணி வைத்தார்.
சிவப்புப் பொத்தான்களை நீட்டினேன்,
வெறும் பையை மடித்துக்கொண்டே தலையசைத்தார்.
அவை ஜாம் ஜாடிக்குள் போயின.

பிப்ரவரியில் நதூரிலிருந்து ஒரு பையன்,
ஒன்பது வயது இருக்கும்.
கார்னிவலுக்குக் கர்தினால் வேஷம் வேண்டுமாம்.
பழைய திரைத்துணி கொண்டுவந்திருந்தான்.
நாடாவைச் சுற்றினேன்.
அவனும் மூச்சை உள்ளிழுத்து நின்றான்.

ஜாடியைக் கவிழ்த்து அத்தனையும் தைத்துக் கொடுத்தேன்.
கண்ணாடி முன்னால் போய் நின்றவன்
கழுத்திலிருந்து விரல் வைத்துக்கொண்டே இறங்கினான்.
"அடியில் இரண்டு இல்லையே."
"யாரும் எண்ண மாட்டார்கள், போடா."
"நான் எண்ணினேனே" என்றான்.