ஏழரைச் சுற்று

ஐயாயிரம் மீட்டரில் அவனுக்குச் சம்பளம்
ஏழரைச் சுற்றுக்கு மட்டும்.
"ஏழரையா? அப்போ சனிதான்" என்பார் சாக்ரன்,
காரை விட்டு இறங்காமல், ரேடியோவில் கிரிக்கெட்.

எட்டு வருடமாக டிவியில் பார்க்கிறேன் லுங்கெலோவை.
முன்னால் ஓடுவான். எதிர்க்காற்று முழுக்க அவன் நெஞ்சுக்கு.
விலகியதும் கேமரா மற்றவர்களோடு போய்விடும்.
அப்புறம் அவன் என்ன செய்வான்?
அதைப் பார்க்கத்தான் சாட்ஸ்வொர்த்திலிருந்து
பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை பெட்ரோல்.

அறுபத்து மூன்று. அறுபத்து மூன்று.
அறுபத்து இரண்டு புள்ளி ஒன்பது.
ஸ்டாப்வாட்ச் என் வியர்வையில் வழுக்கியது.
ஏழரையில் வெளித்தடத்துக்கு விலகினான்,
பஸ்ஸில் யாருக்கோ வழிவிடுகிறவன் போல.

கூட்டம் எழுந்து வேறு பெயர்களைக் கத்தியது.
அவன் கம்பியைப் பிடித்துக் குனிந்தான். துப்பினான்.
இடது ஷூவைக் கழற்றி
ஒரு சின்னக் கல்லை உதறினான்.
எத்தனையாவது சுற்றில் ஏறியதோ.

"ஏழு நிமிஷம் ஐம்பத்தொன்று!"
ஜுலுவில் எண் வரவில்லை, ஆங்கிலத்தில் கத்தினேன்.
நிமிர்ந்து பார்த்தான்.
"ஐம்பதுதான் பேச்சு" என்றான்,
பாக்கி வைத்தவன் முகத்தோடு.

அதற்குள் மணி அடித்தது.

"யார் ஜெயிச்சது?" என்றார் சாக்ரன்.
நான் கல்லைப் பற்றிச் சொன்னேன்.